அடுப்பு எரியாத நாளுக்கு ஐந்து சொட்டு

2018 ஆகஸ்டில் மூணாறுக்குப் போகும் வழியெல்லாம் மண் சரிந்து அடைபட்டபோது, நான் சித்தி வீட்டில் மாட்டிக்கொண்டேன். எஸ்டேட் லயத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் ஒன்று அவர் வீடு. மூன்றாம் நாள் கேஸ் தீர்ந்தது. விறகு நனைந்து ஊறிப்போய் புகைந்ததே தவிர எரியவில்லை. மேலே சோலையிலிருந்து குழாயில் இறங்கி வரும் தண்ணீர், தேயிலைக் காட்டு மண்ணையெல்லாம் சேர்த்துக்கொண்டு காப்பி நிறத்தில் வந்தது.

அப்போது நான் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தேன். பையில் ஒரு டிஞ்சர் அயோடின் பாட்டில் கிடந்தது. அதைத் தண்ணீரில் சொட்டு விட்டால் கிருமி சாகும் என்று படித்திருந்தேன். சித்தி ஒரு சட்டியில் துணியால் வடிகட்டிய தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். எண்ணி எண்ணிச் சொட்டு விட்டேன். தண்ணீர் லேசான மஞ்சளாகும் என்று பார்த்தால், சட்டியின் ஓரத்திலிருந்து நீலம் பரவியது.

“என்னடா தம்பி, மயில்துத்தம் கலக்கின மாதிரி இருக்கு? இதையா குடிக்கச் சொல்றே?” என்றார் சித்தி.

தப்பு அயோடினுடையது இல்லை. முந்தின நாள் கடைசி கேஸில் கஞ்சி காய்ச்சிய சட்டி அது. அலசித்தான் இருந்தார், ஆனால் ஓரத்தில் கஞ்சிப் பசை ஒட்டியிருந்தது. அயோடினும் மாவுச்சத்தும் சேர்ந்தால் நீலமாகும். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டில் செய்து பார்த்த அதே சோதனை. அந்தத் தண்ணீரில் விஷம் எதுவும் உண்டாகிவிடவில்லை. ஆனால் கிருமியைக் கொல்ல வேண்டிய அயோடினில் ஒரு பங்கு கஞ்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கொட்டிவிட்டு, வேறு பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி ஆரம்பித்தோம்.

அந்த நீலச் சட்டியைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரிதான். அயோடின் கண்ணில்லாத வேலைக்காரன். தண்ணீரில் எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதனோடு சேரும். கிருமி எதிர்ப்பட்டால் அதன் உறைக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் புரதங்களைச் சிதைத்து வேலை செய்யவிடாமல் ஆக்கும். மண்ணும் இலைச்சாறும் கஞ்சியும் எதிர்ப்பட்டால் அவற்றிலேயே செலவழிந்து போகும். அதனால்தான் கலங்கல் தண்ணீருக்கு அதிகச் சொட்டு, தெளிந்த தண்ணீருக்குக் குறைவு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கொதிக்க வைக்க வழி இருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. கொதிக்க வைப்பதுதான் ராஜா. மலையாளிகள் இதில் நமக்கு மூத்தவர்கள். எந்தச் சின்ன ஓட்டலில் உட்கார்ந்தாலும் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீரைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைப்பார்கள். ‘திளப்பிச்ச வெள்ளம்’, அதாவது கொதிக்க வைத்த தண்ணீர், என்பது அங்கே ஒரு பழக்கம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மலையில் தண்ணீர் சீக்கிரமே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் ஏறக்குறைய 95 டிகிரியில். அந்தச் சூடும் கிருமிக்குப் போதும். கொழுக்குமலை மாதிரி 2,000 மீட்டரைத் தாண்டிய இடம் என்றால் மூன்று நிமிடம் விடுங்கள். அப்புறம், கொதித்த தண்ணீரைச் சூடு ஆற்ற வேண்டும் என்று பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றினால், அவ்வளவு நேரம் எரித்த விறகெல்லாம் வீண். அயோடின் தண்ணீருக்கும் இதே விதிதான்.

ஆக, அயோடின் என்பது அடுப்பு எரியாத அந்த இரண்டு மூன்று நாளுக்கு.

அயோடின் நமக்குப் புதிய பொருள் இல்லை. 1811-ல் பெர்னார்ட் குர்துவா என்ற பிரெஞ்சுக்காரர், வெடிமருந்துக்கு வேண்டிய உப்பு எடுப்பதற்காகக் கடற்பாசிச் சாம்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஊதா நிறப் புகை கிளம்பியது. அந்த ஊதாவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்தே அயோடின் என்ற பெயர் வந்தது. காயத்துக்குப் போட்டால் ‘ஆ’ என்று கத்த வைக்கும் டிஞ்சர், இந்த அயோடினைச் சாராயத்தில் கரைத்ததுதான். எரிச்சலுக்குப் பெரும்பங்கு காரணம் அந்தச் சாராயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக அயோடின் மாத்திரை செய்தார்கள். ஒரு மாத்திரை 8 மில்லிகிராம் அயோடினைத் தண்ணீரில் விடும். நம்மூர்க் கடைகளில் அந்த மாத்திரையை நான் விற்றதில்லை, கிடைத்ததெல்லாம் டிஞ்சர்தான். ஆகவே டிஞ்சர் கணக்கையே சொல்கிறேன்.

பாட்டிலை எடுத்ததும் லேபிளைப் படியுங்கள். டிஞ்சர் என்றாலே அயோடின் என்று நினைத்துவிடக் கூடாது. டிஞ்சர் பென்சாயின் என்று ஒன்று உண்டு, சாம்பிராணி வாசம் அடிக்கும், சளிக்கு ஆவி பிடிப்பார்கள். அதுவும் பழுப்பு நிறம்தான், அதுவும் சின்ன பாட்டில்தான். அது தண்ணீரில் கலக்கும் சரக்கு இல்லை. லேபிளில் அயோடின் 2 சதவீதம் என்று இருக்க வேண்டும். கூடவே பொட்டாசியம் அயோடைடு என்று போட்டிருக்கும். அயோடின் தண்ணீரில் லேசில் கரையாது, அதைக் கரைய வைக்கத்தான் இந்த அயோடைடு. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில், அதாவது குடிக்க முடியாதபடி விஷம் கலந்த சாராயத்தில், செய்தது என்று அச்சிட்டிருந்தால் அந்த பாட்டிலைக் காயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, கணக்கு. 2 சதவீத டிஞ்சர், தெளிந்த தண்ணீர் என்றால் ஒரு லிட்டருக்கு 5 சொட்டு. கலங்கலாகவோ நிறமாகவோ ரொம்பக் குளிர்ச்சியாகவோ இருந்தால் 10 சொட்டு. கலக்கிவிட்டு அரை மணி நேரமாவது மூடி வைக்க வேண்டும்.

இந்த அரை மணி நேரம் சமவெளிக் கணக்கு. போடியிலோ பாலக்காட்டிலோ தண்ணீர் சாதாரணமாக 25, 30 டிகிரி இருக்கும், அங்கே அரை மணி சரி. மழைக்காலத்து மூணாறில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விறைக்கும். குளிரில் அயோடின் சோம்பேறியாகிவிடும். அதே வேலையைச் செய்ய இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நேரம் கேட்கும். அதனால் மலையில் இருப்பவர்கள் 10 சொட்டு விட்டால் ஒரு மணி நேரம், 5 சொட்டோடு நிறுத்தினால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி போட்டு வைத்துக் காலையில் குடித்தால் பேச்சே இல்லை. குடத்தைக் குளிர்ந்த திண்ணையில் வைக்காமல் ஆட்கள் படுத்திருக்கும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தாலே கொஞ்சம் சூடு ஏறும்.

சொட்டு என்பதும் ஆளுக்கு ஆள், மூடிக்கு மூடி மாறும். ஊசி போடும் சிரிஞ்சு ஒன்று, ஊசி இல்லாமல், கையில் இருந்தால் குழப்பமே இல்லை. 5 சொட்டு என்பது கால் மில்லி. ஆக 1 மில்லி டிஞ்சர் 4 லிட்டருக்கு. 20 லிட்டர் கேனுக்கு 5 மில்லி. கலங்கல் என்றால் இரட்டிப்பு. பிளாஸ்டிக் குடமோ கண்ணாடிப் பாத்திரமோ நல்லது. செம்பு, பித்தளைக் குடம் வேண்டாம், அயோடின் அந்த உலோகத்தோடு சண்டைக்குப் போய்விடும். பிளாஸ்டிக்கில் கறை பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும்.

பாட்டிலில் கலக்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். மூடியையும் அதன் புரியையும் நனைத்த பச்சைத் தண்ணீரில் அயோடின் படுவதே இல்லை. நீங்கள் வாய் வைத்துக் குடிக்கும் இடம் அதுதான். கலக்கிய ஐந்து நிமிடம் கழித்து மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைச் சாய்த்து, மருந்து கலந்த தண்ணீர் புரி வழியாகக் கொஞ்சம் கசிய விடுங்கள். அப்புறம் இறுக்கி மூடி வைத்தால் போதும்.

கலங்கல் தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம். சொட்டை இரட்டிப்பாக்குவதைவிடத் தண்ணீரைத் தெளிய வைப்பதில்தான் லாபம். குடத்தை ஆட்டாமல் வைத்து, மேல்தண்ணீரை மட்டும் மெல்ல ஊற்றி, பழைய நூல் சேலையை எட்டு மடிப்பாக மடித்து வடிகட்டுங்கள். பழைய சேலை என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். வங்கதேசக் கிராமங்களில் இதைச் செய்து பார்த்து, காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2003-ல் ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானியின் குழு வெளியிட்டது. புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் நன்றாக வடிகட்டும்; நூல் பிசிறு விட்டு ஓட்டைகள் சின்னதாகிவிடும். தேற்றாங்கொட்டை கிடைத்தால் சட்டியின் உட்புறம் உரைத்து, தண்ணீரை ஊற்றி வையுங்கள். படிகாரத்தைச் சுழற்றுவதும் அதற்குத்தான். ஆனால் தேற்றிய தண்ணீர் கண்ணுக்குத் தெளிவு, அவ்வளவே. அயோடின் அதற்கு அப்புறம் வர வேண்டியது.

பதிமுகத் தண்ணீரிலோ தேயிலைச் சாயத்திலோ நேரடியாக அயோடின் விடாதீர்கள். அந்தச் சாயமே அயோடினைத் தின்றுவிடும், கஞ்சி தின்ற மாதிரி.

பெட்டடின் போடலாமா என்று கடையில் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். அது போவிடோன் அயோடின். 10 சதவீதம் என்று லேபிளில் இருந்தாலும் உண்மையில் வேலை செய்யும் அயோடின் 1 சதவீதம்தான். 5 சதவீத பாட்டிலில் அரை சதவீதம். பயண மருத்துவக் கையேடுகள் 10 சதவீதக் கரைசலுக்குத் தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு 8 சொட்டு, கலங்கலில் 16 என்று கணக்குச் சொல்கின்றன. எனக்கு இதில் அவ்வளவு விருப்பம் இல்லை. காரணம், அதே பெயரில் கை கழுவும் சோப்புக் கரைசல், வாய் கொப்பளிக்கும் மருந்து, களிம்பு என்று வரிசையாக விற்கிறார்கள். இருட்டில், மழையில், அவசரத்தில் எடுக்கும்போது சோப்புக் கரைசல் கைக்கு வந்தால் என்ன ஆவது? டிஞ்சர் இல்லவே இல்லை, வேறு வழியும் இல்லை என்றால் மட்டும், வெறும் கரைசலை மட்டும், லேபிளைப் படித்துவிட்டு.

இன்னொரு கேள்வி, அயோடின் உப்பைத் தண்ணீரில் போட்டால் போதாதா என்பது. போதாது. கடை உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு கிலோ உப்பை ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். கடல் தண்ணீரே தேவலை என்று ஆகிவிடும். தவிர, உப்பில் இருப்பது பொட்டாசியம் அயோடேட் என்ற வேறு வடிவம். அது உடம்புக்கு உதவும், கிருமியைக் கொல்லாது.

உப்புப் பேச்சு வந்ததால் தைராய்டைச் சொல்லியாக வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். மேலே சொன்ன 5 சொட்டுத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 5,000 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாதத்துக்கு மேலான அயோடினை ஒரே லிட்டரில் குடிக்கிறோம். ஆரோக்கியமான ஆளுக்கு இரண்டு மூன்று நாள் இது ஒன்றும் செய்யாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். ஆனால் மலைநாட்டுக்கு ஒரு கதை உண்டு. காலகாலமாகப் பெய்யும் மழை மண்ணில் இருக்கும் அயோடினை அரித்துக் கீழே கொண்டுபோய்விடுவதால், மலை ஊர்களில் கழுத்துக் கழலை அதிகம். பல வருடம் அயோடினுக்கு ஏங்கி வீங்கிய தைராய்டுக்குத் திடீரென்று இவ்வளவு கொடுத்தால், அது கட்டுக்கடங்காமல் ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கலாம். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஆகவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கழுத்தில் வீக்கம் உள்ளவர்கள், அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கைக்குழந்தைகளும் அப்படித்தான். வீட்டில் இருக்கும் கொஞ்சம் கேஸ், கொஞ்சம் காய்ந்த விறகு, இரண்டு பாட்டில் கடைத் தண்ணீர், எதுவானாலும் அவர்களுக்கு முதலில் ஒதுக்குங்கள். மற்றவர்களும் சில நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், வாரக்கணக்கில் ஓட்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பும் அயோடினை நெடுநாள் குடிநீருக்குப் பரிந்துரைப்பதில்லை.

இது எதையெல்லாம் பிடிக்கும்? வாந்திபேதி, டைபாய்டு, வயிற்றுக்கடுப்புக் கிருமிகளையும், மஞ்சள் காமாலை கொண்டுவரும் வைரஸையும் சொன்ன நேரம் காத்திருந்தால் பிடிக்கும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதற்குத்தான் குளிரில் அவ்வளவு நேரம். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று இருக்கிறது, கெட்டி ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும், அயோடினுக்கு மசியாது, கொதிநீரில் சாகும். ஏலக்காட்டில் அடித்த பூச்சிமருந்து ஓடையில் கலந்திருந்தால் அயோடினும் ஒன்றும் செய்யாது, கொதிக்க வைப்பதும் ஒன்றும் செய்யாது. மருந்து வாடை வந்தால், மீன் செத்து மிதந்தால், வேறு ஊற்றைத் தேடுங்கள். மழைத்தண்ணீரைச் சுத்தமான துணி கட்டிப் பிடிப்பது அந்த நேரத்தில் எவ்வளவோ மேல். எலிக்காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2018 வெள்ளம் வடிந்தபின் கேரளத்தில் அது பரவியபோது, காலில் புண்ணோடு சேற்றில் நடந்தவர்களுக்குத்தான் அதிக பயம் இருந்தது. குடிக்கும் தண்ணீரில் டிஞ்சர் விட்டதால் அந்த வழி அடைபடாது.

ருசி மோசம்தான், ஆஸ்பத்திரி வராந்தாவைக் குடிப்பது மாதிரி இருக்கும். இதற்கு நல்ல வழி வைட்டமின் சி. காத்திருக்கும் நேரம் முழுதும் முடிந்த பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், அல்லது நெல்லிக்காயை நசுக்கிப் போடுங்கள். வைட்டமின் சி, அயோடினை அயோடைடாக மாற்றிவிடும். மஞ்சள் நிறமும் வாடையும் கண் முன்னாலேயே மறையும். நேரம் முடியும் முன்னால் பிழிந்தால் கிருமி சாகும் முன்னால் மருந்து செத்துவிடும், அவசரப்படாதீர்கள். நிறம் போனாலும் அயோடின் தண்ணீரில்தான் இருக்கிறது, எனவே தைராய்டுக்காரர்கள் இதை நம்பிக் குடிக்கக் கூடாது. எங்கள் சித்திக்கு நீலச் சட்டி கொடுத்த பயத்தை இந்த எலுமிச்சைதான் போக்கியது. “இதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நாரங்கா வெள்ளம்னு குடிச்சிருப்பேன்ல” என்றார்.

கிணற்றில் டிஞ்சரை ஊற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 2 மீட்டர் அகலமான வட்டக் கிணறு, 3 மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 9,400 லிட்டர். லிட்டருக்கு கால் மில்லி என்றால் 2,350 மில்லி, அதாவது 100 மில்லி பாட்டில் இருபத்துமூன்றுக்கு மேல். எந்தக் கடையிலும் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் கிணறு முழுக்க அயோடின் குடிக்கிற நிலைமை வரும். கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர்தான். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 5 கிராம் என்பது கேரளத்தில் சொல்லும் கணக்கு. இந்தக் கிணற்றுக்கு 47 கிராம் போதும். பவுடரை ஒரு வாளியில் குழைத்து, அடிச் சுண்ணாம்பு படிந்தபின் மேல் தெளிவை மட்டும் கிணற்று வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கிணற்றில் இறக்கி ஆட்டிக் கலக்க வேண்டும். ராத்திரி கலக்கினால் காலையில் தண்ணீர் எடுக்கலாம். குடிப்பதற்கு அப்போதும் கொதிக்க வைத்தால் நல்லது.

டிஞ்சர் பாட்டிலைப் பழுப்புக் கண்ணாடியிலேயே, நன்றாக மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று அதில் அச்சிட்டிருப்பது நேரடியாகக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த எச்சரிக்கை சரிதான், ஒரு மடக்கு போனாலே தொண்டையும் வயிறும் வெந்துவிடும். மூடி சரியில்லாமல் வருடக்கணக்கில் கிடந்த பாட்டில் என்றால் சாராயமும் அயோடினும் ஆவியாகிப் போயிருக்கும், எது எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. அந்த பாட்டிலுக்கு இந்தச் சொட்டுக் கணக்கு எதுவும் செல்லாது. தென்மேற்குப் பருவம் பிடிக்கும் முன்னால் மே மாதக் கடைசியில் தேதியைப் பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கி வையுங்கள், சிரிஞ்சையும் அதோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி.